வெட்டும் முன் முள்ளைப் பாருங்கள்

சென்ற கோடையில் எங்கள் ஊர்க் கண்மாயைச் சுத்தம் செய்தார்கள். ஊராரின் பல ஆண்டுக் கோரிக்கை அது. உள்வாய் முழுவதும் சீமைக் கருவேலம் மண்டி, மடை எது, கலுங்கு எது என்று தெரியாத நிலை. இயந்திரங்கள் இறங்கி மூன்றே நாளில் வேலையை முடித்தன. நான்காம் நாள் காலையில் மகிழ்ச்சியோடுதான் கரையேறிப் பார்த்தேன். வெட்டிக் குவித்திருந்த மரங்களை நெருங்கிப் பார்த்தபோது அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. குவியலில் கணிசமான பங்கு நாட்டுக் கருவேலம். மடையருகே நின்ற பழைய வன்னி மரமும் அவற்றோடு கிடந்தது.

வேலையை மேற்பார்த்தவரிடம் கேட்டேன். “எல்லாம் முள்ளுமரந்தானே ஐயா” என்றார். அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. வருவதற்கு எனக்கு உரிமையும் இல்லை. முப்பது ஆண்டுகள் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவன் நான். சில ஆண்டுகளுக்கு முன் அதே ஊர்ப் பள்ளி விழாவில், “முள்மரங்களை வேரோடு ஒழிப்போம்” என்று முழங்கியவனும் நானே. எந்த முள்மரம் என்று அன்று நான் பிரித்துச் சொல்லவில்லை. அந்தப் பிழைக்குக் கழுவாயாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

மூன்று மரங்கள், ஒரே தோற்றம்

தென் மாவட்டங்களின் கண்மாய்களிலும் புறம்போக்குகளிலும் அடிக்கடி ஒன்றோடொன்று குழப்பப்படும் மரங்கள் மூன்று. முதலாவது, வேலிக்காத்தான் என்றும் சீமை உடை என்றும் அழைக்கப்படும் சீமைக் கருவேலம். இரண்டாவது, நம் மண்ணுக்குரிய கருவேலம். மூன்றாவது, வன்னி. மூன்றும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மூன்றுக்கும் இருமடங்குச் சிறகு வடிவக் கூட்டிலைகள் உண்டு. மூன்றுக்கும் முள் உண்டு. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தோன்றாததில் வியப்பில்லை. ஆனால், அருகே சென்று பூவையும் காயையும் முள்ளையும் பார்த்தால் குழப்பத்துக்கு இடமில்லை.

கருவேலத்தின் பூக்கள் மஞ்சள் நிறத்தில் சிறு பந்துகளாக இருக்கும், மணமும் உண்டு. ஒவ்வொரு பூவிலும் எண்ணற்ற மகரந்தத் தாள்கள் இருப்பதால்தான் அந்தப் பந்து தூவிபோலத் தோன்றுகிறது. சீமைக் கருவேலத்தின் பூக்கள் பசுமை கலந்த மஞ்சள் நிறத்தில் விரல்போல நீண்ட கதிர்களாகத் தொங்கும். ஒவ்வொரு பூவிலும் மகரந்தத் தாள்கள் பத்துதான். ‘ஜூலிஃப்ளோரா’ என்ற இலத்தீன் அடைமொழிக்கே கதிராகத் தொங்கும் பூவையுடையது என்றுதான் பொருள். வன்னியின் பூக்களும் கதிர்களே, ஆனால் மெலிந்தவை.

காய்களைப் பாருங்கள். கருவேல நெற்று மணிகளைக் கோத்த மாலைபோல விதைக்கு விதை இடுங்கியிருக்கும். மேலே சாம்பல் நிறப் பூம்பட்டு. சீமைக் கருவேலத்தின் நெற்று வைக்கோல் நிறத்தில் நீண்டு, சற்றே வளைந்து, தடித்திருக்கும். உள்ளே இனிப்பான சதை. வன்னியின் காய் மெல்லியது. கொத்துக் கொத்தாகத் தொங்குவது.

இனி முள். சீமைக் கருவேலத்தின் முள், கிளையின் கணுவில், இலைக் கக்கத்தில் ஒன்றாகவோ இரண்டாகவோ தோன்றும். கருவேலத்தின் முள்ளும் கணுவில்தான் இணையாக நிற்கும். ஆனால் அது பிறக்கும் இடம் வேறு. இலைக் காம்பின் அடியில் இருபுறமும் இருக்க வேண்டிய செதில்களே அங்கு வெண்ணிற முட்களாக மாறியிருக்கின்றன. வன்னியில் முட்கள் கணுக்களை நாடுவதே இல்லை. ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் இடைப்பட்ட தண்டில் சிறு கூம்புகளாகச் சிதறிக் கிடக்கும். இந்தச் சிறிய வேறுபாட்டை நினைவில் வையுங்கள். ஒரு பேரினத்தின் வரலாறே இதில் அடங்கியிருக்கிறது.

பெயரின் நெடும்பயணம்

தாவரங்களுக்கு ஈருறுப்புப் பெயர் சூட்டும் முறையை நிலைநிறுத்திய சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், வன்னி மரத்துக்கு இருமுறை பெயர் வைத்தார். 1753இல் மைமோசா சினரேரியா என்றார். சினரேரியா என்பது சாம்பல் நிறத்தைக் குறிப்பது. 1767இல் புரோசோபிஸ் என்னும் புதிய பேரினத்தை உருவாக்கி, அதில் ஸ்பைசிஜெரா என்ற பெயரில் ஒரு சிற்றினத்தைச் சேர்த்தார். இரண்டும் ஒரே மரம் என்பது பின்னரே தெளிவாயிற்று. மூத்த அடைமொழிக்கே முன்னுரிமை என்னும் விதிப்படி, 1914இல் அது புரோசோபிஸ் சினரேரியா ஆயிற்று. ஆக, புரோசோபிஸ் என்ற பேரினப் பெயரின் முதல் உரிமையாளர் நம் வன்னிதான்.

சீமைக் கருவேலத்தின் கதை அமெரிக்கக் கண்டத்தில் தொடங்குகிறது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியத் தீவுகள், தென் அமெரிக்காவின் வடகரை ஆகியவை அதன் தாயகம். ஜமைக்காத் தீவில் கிடைத்த மாதிரியைக் கொண்டு, ஓலோஃப் சுவார்ட்ஸ் என்னும் மற்றொரு சுவீடன் அறிஞர் 1788இல் அதற்கு மைமோசா ஜூலிஃப்ளோரா என்று பெயரிட்டார். 1825இல் டி கண்டோல் அதைப் புரோசோபிஸ் பேரினத்துக்கு மாற்றினார். அன்றிலிருந்து ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள், வன்னியும் சீமைக் கருவேலமும் ஒரே குடும்பப் பெயரைத் தாங்கி நின்றன.

இந்தப் பேரினத்தை முழுமையாக ஆராய்ந்தவர் அர்ஜென்டினாவின் ஆர்துரோ புர்கார்ட். அவருடைய நூல் 1976இல் வெளிவந்தது. அதில் 44 சிற்றினங்களை ஐந்து பிரிவுகளாக வகைப்படுத்தினார். அந்தப் பிரிவுகளுக்கு அவர் கொண்ட முதன்மை அடையாளம் முள். தண்டில் சிதறிய முட்களையுடைய வன்னியும் அதன் உறவுகளும் ஒரு பிரிவு. முள்ளே இல்லாத ஆப்பிரிக்கச் சிற்றினம் தனிப்பிரிவு. இலையடிச் செதில்கள் முள்ளாகிய, திருகு சுருளாகக் காய்க்கும் அமெரிக்க மரங்கள் ஒரு பிரிவு. இலைக் கக்கத்தில் முள் தாங்கும் சீமைக் கருவேலமும் அதன் பெருங்கூட்டமும் மற்றொரு பிரிவு. இவ்வளவு வேறுபாடுகளைக் கண்டும், அவர் எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் வைத்தார்.

அந்தக் கூரை 2022இல் கலைந்தது. 997 உட்கரு மரபணுக்களின் வரிசைகளை ஒப்பிட்ட ஆய்வுகளின் அடிப்படையில், காலின் ஹியூஸ் உள்ளிட்ட அறிஞர்கள் புரோசோபிஸ் பேரினம் ஒரே மூதாதையின் வழித்தோன்றல் அன்று என்று காட்டினர். ஆப்பிரிக்கச் சிற்றினம் உறவிலேயே விலகி, அனோனிகியம் என்னும் தனிப் பேரினமாயிற்று. திருகு காய் மரங்கள் ஸ்ட்ரோம்போகார்பா ஆயின. சீமைக் கருவேலத்தை உள்ளடக்கிய நாற்பதுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள், 1838இல் ராஃபினெஸ்க் என்பவர் முன்மொழிந்து பின்னர் கைவிடப்பட்டிருந்த நெல்டூமா என்ற பெயரை மீண்டும் பெற்றன. புரோசோபிஸ் என்ற பெயர் வன்னியோடு சேர்த்து மூன்றே சிற்றினங்களுக்கு உரியதாகச் சுருங்கிற்று. வன்னிக்கு மிக நெருங்கிய உறவாக இன்று அறியப்படுவது, இந்தியாவிலும் நேபாளத்திலும் இமயத்தின் அடிவாரத்தில் மட்டும் வளரும் இண்டோபிப்டடீனியா என்னும் அரிய மரம். அமெரிக்காவிலிருந்து வந்த முள்மரத்துக்கும் அதற்கும் உள்ள உறவு அதைவிடத் தொலைவானது.

மரபணுக்கள் காட்டிய கோடுகள், புர்கார்ட் முட்களைப் பார்த்து வகுத்த பிரிவுகளோடு பெரும்பாலும் பொருந்தியதுதான் இதில் சுவையான செய்தி. கருவியேதும் இன்றிக் கண்ணாலும் கையாலும் அறியக்கூடிய அடையாளம், ஆய்வகத்தின் தீர்ப்புக்கு முன்பே உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

கருவேலத்தின் கதை இதற்கு நேர்மாறானது. அகேசியா என்ற பேரினப் பெயரே நைல் நதிக்கரையின் கருவேலத்தை முன்னிட்டுப் பிறந்தது. அந்தப் பேரினத்தைப் பிரிக்க வேண்டி வந்தபோது, 2005இல் வியன்னாவில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் மாநாடு, ஏறத்தாழ ஆயிரம் சிற்றினங்களைக் கொண்ட ஆஸ்திரேலியக் கூட்டத்துக்கே அகேசியா என்ற பெயரை விட்டுக்கொடுத்தது. நெடிய வாதங்களுக்குப் பின் 2011இல் மெல்போர்ன் மாநாடும் அதை உறுதிசெய்தது. நம் கருவேலம் இன்று வாச்செல்லியா நைலோட்டிக்கா. பெயருக்குரியது பெயரை இழந்தது. வன்னியோ தன் பெயரைத் தக்கவைத்துக்கொண்டது.

உறவினர் பழி

பெயர் மாறினால் என்ன, முள் குத்தாமலா இருக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், பேரினப் பெயர் ஒன்றாக இருந்ததால் நேர்ந்த குழப்பங்கள் சில நம் பொதுப்பேச்சில் வேரூன்றிவிட்டன.

சீமைக் கருவேலத்தின் வேர் 175 அடி ஆழம்வரை சென்று நிலத்தடி நீரை உறிஞ்சும் என்பதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பள்ளி விழாவில் நானும் சொன்னேன். அந்த அளவு உண்மையானது. ஆனால் மரம் வேறு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தைத் தோண்டியபோது, தரைக்குக் கீழே 53 மீட்டர் ஆழத்தில் கண்டறியப்பட்ட வேர்கள் பற்றிய குறிப்பு 1963இல் வெளியாயிற்று. அது வெலூட்டினா என்னும் சிற்றினத்தைச் சேர்ந்தது. வறண்ட பாலையில், சிறப்பான சூழலில் ஓர் உறவினர் மரம் எட்டிய உச்சத்தை, நம் கண்மாய் மரம் ஒவ்வொன்றின் தலையிலும் ஏற்றிவிட்டோம்.

காற்றிலுள்ள ஈரத்தை இலைகளால் உறிஞ்சிவிடும் என்ற பேச்சும் அத்தகையது. சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் வளரும் தமருகோ என்ற மரத்தைப் பற்றி அப்படியொரு விவாதம் அறிவியலாளரிடையே நெடுங்காலம் நடந்தது. அந்தத் தமருகோ இப்போது ஸ்ட்ரோம்போகார்பா பேரினத்தைச் சேர்ந்தது. நம் ஊர் மரத்துக்கு அது தொலைதூரச் சொந்தம்.

உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவிகளின் பட்டியலில் சீமைக் கருவேலம் இருக்கிறது என்பதும் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் குழு தொகுத்த அந்தப் பட்டியலில் இருப்பது, வட அமெரிக்காவின் கிளாண்டுலோசா. அதுவும் நெல்டூமாதான், ஆனால் நம் மரம் அன்று.

இவற்றைச் சொல்வதால் சீமைக் கருவேலத்துக்காக நான் வழக்காடுவதாகக் கொள்ள வேண்டாம். அதன்மீது மெய்யாகவே சுமத்தத்தக்க குற்றங்கள் போதுமான அளவு இருக்கின்றன. பசும்புல் காய்ந்த கோடையிலும் அது பசுமையாக நின்று நீராவிப்போக்கு நடத்துகிறது. அதன் நெருங்கிய உறவுகள் மண்டிய தென்னாப்பிரிக்காவின் வட கேப் பகுதியில், மரங்களை அகற்றிய இடங்களில் நிலத்தடி நீர் மிச்சமானதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். அதன் இலைகளிலிருந்து கசியும் வேதிப்பொருள்கள் பிற விதைகளின் முளைப்பை ஒடுக்குகின்றன. குஜராத்தின் பன்னி புல்வெளியும் நம் கோடியக்கரையின் மான்கள் மேயும் திறந்த வெளியும் அதனால் சுருங்கியிருக்கின்றன. எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் கால்நடை மேய்ப்பர்களின் வாழ்க்கையையே அது தலைகீழாக்கியது. கென்யாவின் பரிங்கோ பகுதி மக்கள், அதன் இனிப்பு நெற்றைத் தின்று பல்லிழந்த ஆடு ஒன்றை 2006இல் நீதிமன்றத்துக்கே சாட்சியாகக் கொண்டுசென்றார்கள். உண்மைக் குற்றங்கள் இவ்வளவு இருக்க, உறவினரின் செயல்களையும் சேர்த்துப் பழி சொன்னால் வழக்குதான் பலவீனமாகும். 2017இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இம்மரங்களை அகற்ற உத்தரவிட்டபோது, அறிவியல் ஆதாரம் எங்கே என்ற கேள்வி எழுந்து, இடையில் சிறிது காலம் அப்பணிக்குத் தடை வந்ததை நாம் மறந்துவிடக் கூடாது.

அழைத்து வந்தவர்கள் நாமே

இந்த மரம் தானாகக் கடல் கடந்து வரவில்லை. அன்றைய சென்னை மாகாணத்தின் வனத்துறை அதிகாரி பெடோம், வறண்ட நிலங்களில் விறகுக்காக வளர்க்க இதன் விதைகளை வேண்டி 1876இல் கடிதம் எழுதினார். மறு ஆண்டில் ஜமைக்காவிலிருந்து விதை வந்தது. கடப்பைப் பகுதியில் நடப்பட்டது. 1940இல் ஜோத்பூர் சமஸ்தானம் இதை அரச மரியாதைக்குரிய தாவரமாக அறிவித்துக் காக்கச் சொன்னது. 1960களில் கட்ச் உவர்நிலம் பரவாமல் தடுக்க, பன்னி புல்வெளியின் ஓரங்களில் அரசே நட்டது. தமிழ்நாட்டிலும் விறகுத் தட்டுப்பாடு நிலவிய காலத்தில் அது வேலியாகவும் எரிபொருளாகவும் வரவேற்கப்பட்டது. ‘வேலிக்காத்தான்’ என்ற பெயர் அந்த வரவேற்பின் சாட்சி.

பின்னர் அது பரவிய வழியையும் அறிய வேண்டும். நெற்றின் இனிப்புக்காக ஆடும் மாடும் அதை விரும்பித் தின்னும். விதையைச் சுற்றியிருக்கும் கடினமான ஓடு, விலங்கின் குடலில் பதமாகி, சாணத்தோடும் புழுக்கையோடும் எருவிடப்பட்ட விதையாகவே வெளியே வருகிறது. கோடையில் ஆட்டுக் கிடை போட்ட தரிசில் மழைக்குப் பின் வரிசையாக முளைப்பது அதனால்தான். ஆனால், இலையை அதே ஆடு பெரும்பாலும் தொடுவதில்லை. அதிலுள்ள காரச்சத்துகளின் கசப்பு அப்படி. விதையைச் சுமக்க விலங்கு வேண்டும். இளஞ்செடியைத் தின்ன விலங்கு வரக்கூடாது. இந்த இரண்டையும் ஒருசேரப் பெற்ற தாவரம் தரிசு நிலத்தை வெல்லாமல் எப்படி இருக்கும்?

போதாததற்கு, தரைக்குச் சற்றுக் கீழே வேரும் தண்டும் கூடும் இடத்தில் உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. தரைமட்டத்தில் வெட்டினால் ஒரு தண்டு இருந்த இடத்தில் ஐந்தாறு கிளைத்தெழும். வெட்டுவது என்பது இந்த மரத்துக்குக் கவாத்து. அடித்தூரோடு பெயர்த்தெடுத்தால் மட்டுமே அந்த மரம் சாகும். அப்போதும் மண்ணில் கிடக்கும் விதைகள் பல ஆண்டுகள் உயிரோடு காத்திருக்கும்.

இங்கு மற்றோர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் நிலமற்ற குடும்பங்கள் பல, கரிமூட்டம் போட்டுத்தான் பிழைக்கின்றன. மழை பொய்த்த ஆண்டுகளில், விவசாயியே வயலில் வளர்ந்த முள்ளை விற்றுத்தான் கடனடைக்கிறார். தூரைத் தோண்டுவதும், கிளையைக் கழிப்பதும், மூட்டத்தில் அடுக்கி மண் மெழுகிப் பதம் பார்ப்பதும் அவர்கள் கைவந்த தொழில். இயந்திரங்கள் மூன்றே நாளில் வேலையை முடித்துப் போகும் திட்டங்களில் அவர்களுக்கு இடமே இருப்பதில்லை.

பெயரால் விளையும் பயன்

பெயர் மாற்றம் நடைமுறையில் எங்கே உதவும்? முதலில், ஆணைகளிலும் ஒப்பந்தங்களிலும். ‘புரோசோபிஸ் மரங்களை அகற்றுக’ என்று எழுதினால், எழுத்தின்படி வன்னியும் அதற்குள் அடங்கும். வன்னி, திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயிலிலும் விருத்தாசலத்திலும் தலமரம். பாண்டவர்கள் தம் படைக்கலங்களை மறைத்துவைத்ததாகக் கதை சொல்லும் மரம். இராஜஸ்தானில் அதற்குக் கேஜ்ரி என்று பெயர். 1730இல் கேஜர்லி சிற்றூரில் அம்மரங்களை வெட்டவிடாமல் கட்டித் தழுவி 363 பிஷ்னோய் மக்கள் உயிர் நீத்தார்கள் என்பது வரலாறு. வறண்ட நிலத்தில் பயிரோடு பயிராக நின்று, மண்ணுக்கு உரமும் ஆட்டுக்குத் தழையும் தரும் அந்த மரத்தை, அதன் பெயரைக் களவாடி நின்ற அயல் மரத்தோடு சேர்த்து வெட்டுவது எவ்வளவு பெரிய அவலம்! இனி நெல்டூமா என்று எழுதலாம். அந்த ஒரு சொல் வன்னியைக் காக்கும் வேலியாகும்.

அடுத்தது, உயிரியல் கட்டுப்பாடு. அயல் தாவரத்தை அதன் தாயகத்துப் பூச்சியைக் கொண்டே அடக்கும் முறை அது. தென்னாப்பிரிக்கா 1987இல் நெற்றின் விதையைத் துளைக்கும் வண்டுகளை இறக்கியது. ஆஸ்திரேலியா 1990களின் இறுதியில் இலைகளைப் பிணைத்துத் தின்னும் ஒரு சிற்றந்துப்பூச்சியைப் பரப்பியது. அவ்விரு நாடுகளிலும் வன்னி வளர்வதில்லை, இங்கு வளர்கிறது. இந்தியாவில் இப்படியொரு முயற்சி என்றாவது நடக்குமானால், முதற்கேள்வி அந்தப் பூச்சி வன்னியைத் தொடுமா என்பதாகவே இருக்க வேண்டும். இரண்டும் தனித்தனிப் பேரினங்கள் என்ற புதிய அறிவு அந்தச் சோதனைக்கு அடித்தளம். சோதனைக்கு மாற்று ஆகாது.

மூன்றாவதாக, அயல் மரத்துக்குள்ளேயே இருக்கும் வேறுபாடு. பெரு நாட்டுப் பாலிடா என்ற சிற்றினமும் ஜூலிஃப்ளோராவும் தோற்றத்தில் மிக ஒத்தவை. உலகின் பல நாடுகளில் ஒன்று மற்றொன்றாகப் பதிவாகியிருக்கிறது. பாலிடாவுக்குக் குரோமோசோம்கள் 28. ஜூலிஃப்ளோராவுக்கு அதன் இரு மடங்கு, 56. எந்த எதிரியோடு போரிடுகிறோம் என்று அறிய, இலை ஒன்றைக் கிள்ளி ஆய்வகத்துக்கு அனுப்பும் எளிய வேலையே போதும்.

செய்ய வேண்டியவை

தமிழ்நாடு அரசு 2022இல் அயல் ஊடுருவல் தாவரங்களுக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டது பாராட்டுக்குரியது. அகற்றுவதோடு நில்லாமல், சூழலை மீட்பதையும் அது பேசுகிறது. அந்தக் கொள்கை கண்மாய்க்கரை வரை வந்து சேர, சில எளிய நடைமுறைகள் வேண்டும் என்பது என் கருத்து.

இயந்திரம் இறங்குவதற்கு முன் ஒரு நாள், அடையாளமிடும் நாளாக இருக்கட்டும். காக்க வேண்டிய கருவேலம், வெள்வேலம், குடைவேலம், வன்னி ஆகியவற்றுக்குச் சுண்ணாம்புப் பட்டை அடிக்கட்டும். அருகிலுள்ள கல்லூரித் தாவரவியல் மாணவர்களை அந்தப் பணிக்கு அழைக்கலாம். அவர்களுக்கு அதைவிடச் சிறந்த செய்முறைத் தேர்வு கிடையாது. நம் கண்மாய்களில் வனத்துறையே முன்பு நட்டு வளர்த்த கருவேலங்களில்தான் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகின்றன. இராமநாதபுரத்துச் சித்திரங்குடி போன்ற பறவைகள் காப்பிடங்கள் இருப்பதே அத்தகைய மரங்களால்தான்.

அகற்றும் வேலையில் கரிமூட்டத் தொழிலாளருக்கு முன்னுரிமை வேண்டும். தூரோடு பெயர்க்கும் திறமை அவர்களிடம் இருக்கிறது. காய் முற்றி உதிர்வதற்கு முன் வேலையை முடிக்க வேண்டும். முடித்த இடத்தை வெறுமையாக விடக் கூடாது. வெற்று நிலம் என்பது அந்த விதைக்கு விரித்த பாய். மழை தொடங்கியதும் நாட்டு மரக் கன்றுகளும் புல்லும் அங்கே ஊன்றப்பட வேண்டும். அடுத்த மூன்று, நான்கு ஆண்டுகள், மழைக்குப் பின் முளைக்கும் செடிகளைக் கையால் பிடுங்கும் வேலையை ஊரக வேலைத் திட்டத்தில் சேர்க்கலாம். முதலாண்டுச் செலவு முழுவதும் வீணாவதும் பயன்தருவதும் இந்தப் பின்பணியைப் பொறுத்தே அமையும்.

எங்கள் ஊருக்குத் திரும்புகிறேன். வெட்டிய வன்னியின் அருகே நான் நின்றிருந்தபோது, ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் வந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். குவியலிலிருந்து மூன்று கிளைகளை உருவி எடுத்து வரிசையாக வைத்தார். “முள்ளப் பாருங்கய்யா. இது கணுவுல குத்தும். இதுக்கு வெள்ள முள்ளு. இதுக்கு மேலெல்லாம் சொரசொரன்னு இருக்கும். எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நாங்க சொல்லியிருப்போம்ல?” என்றார்.

புர்கார்ட் தம் நூலில் பிரித்துக் காட்டியதும், 997 மரபணுக்கள் பின்னர் உறுதிசெய்ததும் அந்தக் கைகளில் இருந்தன. அவரைக் கேட்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அந்த வாரமே கரையில் இரண்டு வன்னிக் கன்றுகளை நட்டோம். ஆடு மேயாமல் அவற்றைக் காக்கும் பொறுப்பை அந்தப் பெரியவரே ஏற்றுக்கொண்டிருக்கிறார். கன்றுகளைச் சுற்றி அவர் கட்டிய வேலி, வெட்டிப்போட்ட சீமைக் கருவேல முள்ளால் ஆனது.